மூன்றாம் தண்ணீருக்குக் காத்திருந்த கால்

அம்மை போட்ட வீட்டில் கால் வலிக்கிறது, கை வலிக்கிறது என்று பிள்ளை அழுதால், ஈப்போ பக்கத்து எங்கள் குனோங் ராபாட்டில் இப்போது என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். நான் டாக்டரும் இல்லை, ஊசி போடுகிற மிஸ்ஸியும் இல்லை. ஈப்போவில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள். ஆனால் போய் உட்கார்ந்து என் இடது காலைக் காட்டினால் போதும், அதுவரை ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்ற மாமியார்கூட டாக்சி பிடிக்கச் சொல்லிவிடுவாள். போன வாரம் அப்படி ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வீடு வீடாகப் போய்க் காலைக் காட்டிக்கொண்டிருப்பதைவிட நடந்ததை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இது எழுபதுகளின் கடைசியில், நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்தபோது நடந்தது.

அப்பாவும் அம்மாவும் சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அப்பா சுண்ணாம்புக்கல் உடைக்கிற மலையில் லோரி ஓட்டினார். அம்மா ஒரு காப்பிக் கடையில் மங்கு தட்டு கழுவினாள். அண்ணன் சேகர் மோட்டார் பட்டறையில் கையெல்லாம் எண்ணெயோடு திரிந்தான். வகுப்பில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் வாயைத் திறப்பேன். கேட்பவர்களும் இல்லை.

பள்ளி ஹாக்கி அணியில் நான் லெஃப்ட் ஹாஃப். இடது ஓரத்தில் நின்று, எதிரணியில் படு வேகமாக ஓடிவருகிறவளை மறிப்பதுதான் வேலை. ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை, அந்தப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடது ஓரத்தில் நிற்பவள் பாதிப் பந்தை மட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுங்கிய இடம் அது. நான் கேட்டு வாங்கினேன். அந்த இடத்தில் நின்றால் ஆட்டம் முழுக்க யாராவது என் பெயரைக் கத்திக்கொண்டே இருப்பார்கள். "வசந்தா, கிரி!" என்று கேப்டன் நோராய்னி கத்தினால் இடது பக்கம் ஆள் வருகிறது என்று அர்த்தம். திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்துவாள். நான் அங்கே இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். என்னை அப்படி நம்பிய இடம் உலகத்தில் அந்தப் பாடாங் திடல் ஒன்றுதான். வேறு எதற்காகவும் நான் காலையில் எழுந்ததாக நினைவில்லை.

அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. "முட்டிக்கு மேல பாவாடைய போட்டுக்கிட்டு ஆம்பளப் புள்ள மாரி ஓடுறா. நாளைக்கு எவன் கட்டுவான்?" என்பாள். ஒரு நாள்கூடப் பாடாங் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

தைப்பிங் பள்ளி ஒன்றோடு அரையிறுதி ஆட்டம் இருந்தது. அதற்கான பயிற்சியில் ஒரு பந்து நேராக வந்து இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. வீங்கியது, எண்ணெய் தடவினேன், மறுபடி ஓடினேன். ஹாக்கி ஆடுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. சில நாளில் காய்ச்சல் கண்டது. முதுகில் ஒரு முத்து, கழுத்தில் ஒரு முத்து, பிறகு உடம்பெல்லாம்.

அதோடு வீட்டின் சட்டம் மாறிவிட்டது. வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அடுப்பில் தாளிப்பு கிடையாது. மருந்து கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, நான் வெளியே போகக்கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள், அவளாக மனம் குளிர்ந்து போகும்வரை மரியாதையாக வைத்திருந்து, மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்ப வேண்டும். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். முதல் தண்ணீர் ஊற்றினார்கள். முத்துகள் காயத் தொடங்கின. நான் சனிக்கிழமை ஆட்டத்துக்கு நாளை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

இரண்டாம் தண்ணீருக்கு முன்னால் கால் வலி ஆரம்பித்தது. பந்து பட்ட அதே இடம். அடிபட்ட வலி எனக்குத் தெரியும், அது தொட்டால் வலிக்கும், விட்டால் அடங்கும். இது விட்டும் வலித்தது. எலும்புக்கு உள்ளேயிருந்து யாரோ இடிப்பது மாதிரி இருந்தது. இரண்டாம் தண்ணீர் ஊற்றியும், இறங்கின காய்ச்சல் திரும்பி ஏறியது.

"முத்து உள்ளுக்கு எறங்குது. ஆத்தா காலுக்கு வந்திருக்கா. மூணாந்தண்ணி ஊத்துனா போயிருவா" என்றாள் அம்மா.

"அது பந்து பட்ட எடம்மா. வீக்கத்த பாரு, ரொம்ப மோசம், தெரோக்கா இருக்கு. ஆஸ்பத்திரி போலாம்" என்றான் அண்ணன்.

"வாய மூடுடா. ஊசி போட்டு ஒருத்திய வாரிக் குடுத்தது பத்தாதா?"

எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். தோட்டத்தில் அவளுக்கு அம்மை போட்டபோது, அப்பா பிடிவாதமாகத் தோட்டத்து மருந்தகத்துக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டார். அன்று இரவே போய்விட்டாள். அவள் எதனால் போனாள் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும், ஆத்தா இருந்த உடம்பில் ஊசி இறங்கியதால் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மை விஷயத்தில் அப்பா வாயே திறந்ததில்லை.

நோராய்னி வந்தாள். அம்மா அவளை வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாள். ஜன்னல் வழியாக அவள் சிவந்த முகம் தெரிந்தது, பள்ளியிலிருந்து சைக்கிளில் வந்திருக்கிறாள். "வசந்தா! சனிக்கிழமை ஆடுவியா?" என்று மலாயில் கத்தினாள். நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கையாட்டலாம் என்று காலைத் தரையில் வைத்தேன். அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் வேலிக்கு வெளியே சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது.

அன்று அப்பா வேலையிலிருந்து வந்தபோது போர்வை பட்டாலே நான் அலறிக்கொண்டிருந்தேன். கால் சிவந்து, தோல் இறுகி மினுமினுத்தது. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வெளியே போய் லோரியைப் பின்னால் எடுத்து வாசலை ஒட்டி நிறுத்தினார். உள்ளே வந்து என்னைத் தூக்கினார்.

"மூணாந்தண்ணி ஊத்தலங்க" என்று அம்மா வாசலை மறித்தாள்.

"நீ வாரியா, இங்கயே நிக்கிறியா?"

அம்மா வாசலில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பிடுங்கிக்கொண்டு லோரியில் ஏறினாள், அண்ணன் பின்னால் தொற்றிக்கொண்டான். வழியில் ஒவ்வொரு குழிக்கும் நான் கத்தினேன், ஒவ்வொரு கத்தலுக்கும் அவள் வேப்பிலையால் என் முகத்தை வருடினாள். எனக்கு எரிச்சலாக வந்தது, அதே நேரம் அவள் கையை விடவும் பயமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அம்மை என்றதும் என்னைத் தனி அறையில் போட்டார்கள். எலும்பு டாக்டர் வோங் ஒல்லியான சீனர், அதிகம் பேசாதவர். ஒரே விரலால் காலை மேலிருந்து கீழே அமுக்கிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நான் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, எலும்பு சுத்தமாக இருக்கிறது என்றார்.

"பாத்தீங்களா? எலும்புல ஒண்ணுமில்ல. ஆத்தாதான்" என்று அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான். சனிக்கிழமை ஞாபகம்கூட வந்தது, வெட்கக்கேடு.

ஆனால் டாக்டர் போகவில்லை. ஒரு தடித்த ஊசியைக் கேட்டு வாங்கி, வலித்த இடத்தில் இறக்கி இழுத்தார். சிரிஞ்சுக்குள் மஞ்சளாகச் சீழ் ஏறியது. அதைப் பார்த்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஆஸ்டியோமைலிட்டிஸ் என்றார். பெயர்தான் நீளம், விஷயம் எளிதானது. எலும்புக்குள் சீழ். அம்மை முத்தைச் சொறிந்த இடத்தில் கிருமி நுழைந்து ரத்தத்தில் கலந்து ஓடும், ஏற்கனவே அடிபட்டுக் கன்றிப்போன எலும்பு கிடைத்தால் அங்கே குடியேறும். ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, தெரிகிறபோது எலும்பு செத்திருக்கும். எலும்பு கெட்டி, சீழுக்கு வெளியே வர வழியில்லை, அதனால்தான் அந்த இடி வலி. எலும்பில் துளை போட்டு வடிக்க வேண்டும், இன்றைக்கே வடிக்க வேண்டும், விட்டால் ரத்தம் முழுக்க விஷமாகிவிடும், அப்போது காலைப் பற்றிப் பேச நேரமிருக்காது. இதையெல்லாம் அவர் ஆங்கிலத்தில் எனக்கும் மலாயில் அப்பாவுக்கும் சொன்னார். அப்பா சம்மதம் சொல்ல வேண்டும்.

அப்பா சொல்லவில்லை. சுண்ணாம்புத் தூசி படிந்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நா ஒரு தடவ சொல்லி ஒரு புள்ளய குடுத்துட்டேன். இப்ப அவ சொல்லட்டும்."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள், கையில் வாடிப்போன வேப்பிலை. "ஆத்தா இன்னும் உடம்புல நிக்கிறா. நிக்கிறப்ப கத்தி வைக்கச் சொல்றீங்களா? வைக்க வுட மாட்டேன். நாளக்கழிச்சு தண்ணி ஊத்திட்டு வாரேன், அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யுங்க."

டாக்டர் வோங்குக்கு அண்ணன் மலாயில் சொன்னான். நாளைக் கழித்து இந்தப் பெண் இருக்க மாட்டாள் என்று அவர் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். அண்ணனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "அம்மா, வெட்டச் சொல்லும்மா" என்று கெஞ்சினேன். சாவைக் கண்டு வந்த பயம்தான், வேறென்ன. ஆனால் உள்ளுக்குள், அம்மா சொல்கிறது சரியாக இருந்துவிட்டால் என்கிற பயமும் இருந்தது. வேப்பிலை செருகிய வீட்டில் வளர்ந்தவள்தானே நானும்.

வார்டுக்குப் பொறுப்பான மலாய் சிஸ்டர், ஜமீலா என்று பெயர், அதுவரை என் கையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் போய், அந்தத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

அம்மா திகைத்தாள். "ஒரு செம்பு" என்றாள் தமிழில். கையால் அளவு காட்டினாள்.

இங்கேயே ஊற்று, காலில் ஒரு சொட்டுப் படக்கூடாது, சீக்கிரம் என்றார் சிஸ்டர். அவரே என் காலைப் பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டினார், கட்டிலின் தலைமாட்டில் ஒரு பேசினை வைத்தார். சமையல்கட்டிலிருந்து மஞ்சள் தூள் வரவழைத்தார். அம்மா கையிலிருந்த கொத்தை உதிர்த்துத் தண்ணீரில் போட்டாள். டாக்டர் வோங் கதவருகே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாள் சரியில்லை, வெயிலில் வைக்காத தண்ணீர், அடுத்தவர் வீட்டுப் பேசின். அம்மாவுக்கு இத்தனையும் தெரியும். தெரிந்துதான் ஊற்றினாள்.

"கோவிச்சுக்காத தாயே. போயிட்டு வா. எம்புள்ளய விட்டுட்டுப் போ."

தலை துவட்டிவிட்டு நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். "பொத்தோங், டாக்டர்" என்றாள். வெட்டு என்று.

தள்ளுவண்டியில் போகும்போது டாக்டரிடம் சனிக்கிழமை பற்றிக் கேட்டேன். "எந்தச் சனிக்கிழமை?" என்று கேட்டார்.

முழித்தபோது காலில் ஒரு குழாய், பாதி மாவுக்கட்டு, கீழே ஒரு புட்டி. வேளை தவறாமல் பின்பக்கத்தில் ஊசி. உட்கார இடமில்லாமல் போகிற அளவுக்கு ஊசி. ஆப்பரேஷன் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தோம், அதுதான் ஆரம்பம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முட்டிக்கு மேலே காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் தன்னோடு வந்த இளம் டாக்டரிடம் என் கட்டிலருகிலேயே சொன்னார். இந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை மறந்துவிட்டார் போலும். நான் யாரிடமும் சொல்லாமல் போர்வைக்குள் என் கால் விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்தேன்.

கட்டிலின் கால்மாட்டில் காய்ச்சல் அட்டை தொங்கும். படிக்கத் தெரியாத அம்மா, கோடு மேலே போனால் கெட்டது, கீழே வந்தால் நல்லது என்பதை மிஸ்ஸிகளைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், அட்டையைத்தான் பார்ப்பாள். கோடு இறங்கும், நாங்கள் மூச்சு விடுவோம், மறுபடி ஏறும். அம்மாவின் காப்பிக் கடை வேலை போயிற்று. மூன்றாம் வகுப்பு வார்டுக்குக் கட்டணம் அதிகமில்லை, ஆனால் அப்பா லோரி ஓட்டாத நாளுக்குச் சம்பளம் கிடையாது, அதனால் அவர் வேலை முடிந்து தூசியோடு வந்து, உள்ளே வரக் கூச்சப்பட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். அண்ணன் மிளகு ரசத்தைச் சூடு ஆறாமல் சூட்டுப் புட்டியில் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதையாவது சொல்லி வம்பிழுப்பான். "உன் எடத்துல என்னைய எறக்கப் போறாங்களாம். பாவாட தச்சுக்கிட்டு இருக்கேன்" என்பான்.

அம்மை முற்றும் ஆறியதும் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு நோராய்னியை உள்ளே விட்டார்கள். முதல் நாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள் போர்வை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கலா லா" என்றாள் கடைசியில். தோற்றுவிட்டோம். தைப்பிங்கில் மழை, சேறு, ஒரே ஒரு கோல், அதுவும் இடது ஓரமாக வந்த கோல். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அவர்கள் ஜெயித்திருந்தால் எனக்கு இன்னும் அதிகமாக வலித்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடது ஓரமாக வந்தது என்றதும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. நான் தேவைப்பட்டிருக்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் சைக்கிளை மிதித்து வருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. நான் ஊசி மயக்கத்தில் தூங்கினால் அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். அம்மாவின் சந்தைக்கடைப் பாசார் மலாயும் அவளுடைய கிராமத்துக் கம்போங் மலாயும் எப்படியோ ஓடும். ஒரு நாள் கண் விழித்துப் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சுப் பழங்களையும் மருந்துக் குப்பிகளையும் பரப்பி வைத்து, நான் எங்கே நிற்பேன், பந்து எப்படி வரும் என்று நோராய்னி காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா தாடையில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப இவ வுட்டுட்டா அங்கிட்டு கோலுதானா?" என்று தமிழிலேயே கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தேன். அம்மா என் ஆட்டத்தைப் பற்றிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை, கேட்டது கலைந்துவிடக் கூடாது என்று பட்டது.

காய்ச்சல் மறுபடி ஏறியது. செத்த எலும்புத் துண்டு ஒன்று உள்ளே கிடந்து சீழைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று இரண்டாவது தடவை திறந்தார்கள். இந்தத் தடவை டாக்டர் கேட்டு முடிக்கும் முன்னே அம்மா சரி என்றாள். எடுத்த துண்டை ஒரு புட்டியில் போட்டுக் காட்டினார்கள், பல்லின் நிறத்தில் விரல் நீளத்துக்கு இருந்தது. அதற்குப் பிறகு கோடு இறங்கியது, இறங்கி அப்படியே கிடந்தது. அம்மா அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் வோங் தனியாகத்தான் வந்தார். அதற்குள் என்னைக் கடைசிக் கட்டிலுக்கு மாற்றி, சுற்றிலும் துணித் திரை விட்டிருந்தார்கள். கட்டு எத்தனை மாதம், ஊன்றுகோல் எத்தனை மாதம் என்று சொன்னார். பிறகு, கால் தப்பிவிட்டது, இவள் நடப்பாள் என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். கேட்டால் பதில் வந்துவிடும் என்கிற பயத்தில் கேட்கவே இல்லை. இப்போதும் வாய் வரவில்லை.

"மாயின் போலே கா?" என்றாள் அம்மா. ஆட முடியுமா?

டாக்டர், நடப்பாள், படி ஏறுவாள், கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம் என்று மலாயில் அடுக்கினார்.

"அது நா கேக்கல" என்றாள் அம்மா தமிழில். பிறகு மலாயில், மட்டையைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையையும் கீழே கொண்டுபோய், "ஹாக்கி. ஹாக்கி மாயின்" என்றாள்.

அவர் சிரிப்பு போய்விட்டது. முடியாது என்றார். எலும்பு பாதிதான் மிச்சம், ஒரு பந்து பட்டால் முறியும், முறிந்தால் ஒட்டாது. இந்த வருஷம் மட்டுமா என்று அம்மா கேட்டாள். எந்த வருஷமும் முடியாது என்றார். நல்லாப் பார்த்துச் சொல்லு என்றாள் அம்மா. அவர் நன்றாகப் பார்த்துத்தான் சொல்வதாகச் சொன்னார். என் தோளைத் தொட்டார், போய்விட்டார்.

நான் அழவில்லை. அப்பா வெளியே லோரியோடு காத்திருந்தார், அண்ணன் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தான், இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு துணிமணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தேன். அம்மா பையை என் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"இங்கயே அழுதுரு" என்றாள். "வூட்டுக்கு வந்தா ஒங்கப்பா தாங்க மாட்டாரு. நல்லா அழு. யாரும் வராம நா பாத்துக்கறேன்."

திரையை இழுத்து மூடிவிட்டு வெளியே போய் நின்றாள். துணிக்குக் கீழே அவளுடைய ரப்பர் செருப்பும் சேலைக் கரையும் தெரிந்தன. தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு நான் அழுதேன். நடுவில் ஊசித் தட்டைத் தள்ளிக்கொண்டு யாரோ வரும் சத்தம் கேட்டது, வண்டி திரைக்கு அருகில் வந்து நின்றது.

"துங்கு, மிஸ்ஸி" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறு என்று. மிஸ்ஸி ஏதோ கேட்டார், நேரமாகிறது என்றார்.

"துங்கு" என்றாள் அம்மா மறுபடியும். அந்தச் செருப்பு இரண்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.